கிழக்குக் கடலில் ஒரு நெருப்புத் தீவு

தரங்கம்பாடிக் கோட்டையின் எதிரே நின்று கிழக்கே நோக்குங்கள். ஏறத்தாழ 1,500 கிலோமீட்டருக்கு அப்பால், சற்று வடக்கே தள்ளி, அந்தமான் கடலில் பாரன் தீவு நிற்கிறது. இந்தியாவில் இன்றும் சீறிவரும் ஒரே எரிமலை அதுவே.

அக்கடல் தரங்கம்பாடிக்குப் புதிதன்று. 1620இல் தஞ்சை இரகுநாத நாயக்கருடன் உடன்படிக்கை செய்து இங்கே கோட்டை கட்டிய டேனியர், 1756இல் நிக்கோபார்த் தீவுகளில் குடியேற முயன்றனர். காய்ச்சல் அவர்களை வேரூன்ற விடவில்லை. 1768இல் அங்கே சென்ற மொரேவிய சமயப் பணியாளர்களும் 1787இல் கைவிட்டனர். அதே 1787இல்தான் பாரன் தீவு புகைவதைக் கோல்புரூக் கண்டு எழுதி வைத்தார். இரண்டாண்டு கழித்து அங்கே சென்ற ஆர்ச்சிபால்டு பிளேர், மூன்று நான்கு டன் எடையுள்ள செந்தழல் கற்கள் வீசப்பட்டதாகக் குறித்துள்ளார்.

தீவின் அகலம் மூன்று கிலோமீட்டர்தான். ஆனால் அது, கடலடியிலிருந்து இரண்டு கிலோமீட்டருக்கு மேல் எழும்பிய மலையின் நுனி மட்டுமே! ஊற்றிய குழம்பு உறைந்து, அதன்மேல் மீண்டும் ஊற்றி, அடுக்கடுக்காக வளர்ந்து நீருக்கு மேலே தலைநீட்டிய மலை அது.

குழம்பு எங்கிருந்து வந்தது? நிலத்தட்டுகள் உரசிய சூட்டினால் பாறை உருகுகிறது என்று மாணவர் பலர் விடை எழுதுவர். அது சரியன்று. இந்தியத் தட்டு பர்மாத் தட்டின் அடியில் சரியும்போது, தன் கனிமங்களில் பிணைந்த நீரையும் சுமந்து செல்கிறது. ஏறத்தாழ 100 கிலோமீட்டர் ஆழத்தில் அந்நீர் பிரிந்து மேலுள்ள பாறையில் கலக்க, பாறையின் உருகுநிலை தாழ்கிறது. மீன் பெட்டியில் பனிக்கட்டியின் மேல் உப்பைத் தூவிப் பாருங்கள், சூடேற்றாமலே இளகும். இதுவும் அத்தகையதே. குழம்பில் கரைந்த நீராவியும் வாயுக்களும் மேலே வந்ததும், கோலி சோடாவைத் திறந்தாற்போல் பொங்கிச் சிதறுகின்றன.

இனி, கடற்கரை வாசகர் கேட்கக்கூடிய கேள்வி: 2004 டிசம்பர் 26ஆம் நாள் தரங்கம்பாடியை அழித்த ஆழிப்பேரலை இந்த மலையின் வேலையா? இல்லை. அதே தட்டுச் சரிவில், சுமத்திரா முதல் அந்தமான் வரை ஏறத்தாழ 1,300 கிலோமீட்டர் நீளத்துக்குப் பிளவு வழுக்கியதன் விளைவு அது. எரிமலையும் பேரலை எழுப்பலாம் என்பது உண்மையே; 1883 ஆகஸ்டில் கிரகடோவா வெடித்தபோது எழுந்த அலையை நாகப்பட்டினத்து அலையளவுக் கருவியே பதிவு செய்தது. பாரன் தீவோ நெடுநாள் உறங்கி 1991இல் விழித்தது. அதற்குப்பின் பலமுறை சீறியும் நம் கரைக்கு அலை வரவில்லை.

ஆனால் தொடர்பு மறுதிசையில் இருக்கலாம். அந்த நிலநடுக்கம் நிகழ்ந்த ஐந்தே மாதத்தில், 2005 மே இறுதியில், பாரன் தீவு மீண்டும் குமுறியது. நடுக்கமே குழம்பைக் கிளறிவிட்டது என்பது சில ஆய்வாளர்களின் கருத்து.