தாளிகைகள் வரைந்த கோடும் நம் சமுதாயமும்

நம் முன்னோர் இம்மண்ணுக்கு வந்த கதையைச் சொல்லும்போது கப்பலைச் சொல்வோம், துணிக்கடையைச் சொல்வோம், பள்ளிவாசலைச் சொல்வோம். அச்சுக்கூடத்தை மட்டும் விட்டுவிடுகிறோம். மலாய் மொழியின் முதல் செய்தித்தாளை நடத்தியவர்கள் நம் வழிவந்தவர்கள் என்பது நம் பிள்ளைகள் பலருக்குத் தெரியாது.

1876-இல் சிங்கப்பூரில் 'ஜாவி பெரானாக்கான்' என்ற வார ஏடு வெளிவந்தது. இந்திய முஸ்லிம் தந்தைக்கும் மலாய்த் தாய்க்கும் பிறந்தவர்களை அந்நாளில் அப்பெயரால்தான் அழைத்தார்கள். அவர்களே அதை நடத்தினார்கள். 1888 வரை முகம்மது சயீத் தாதா முகைதீன் அதன் ஆசிரியராக இருந்தார். அதே ஊரில் 1887-இல் மகுதூம் சாயபு 'சிங்கை நேசன்' என்ற தமிழ் ஏட்டைத் தொடங்கினார். ஒன்று ஜாவி எழுத்தில், மற்றொன்று தமிழில். இரண்டிலும் நம்மவர் கை இருந்தது.

நம் ஜோகூரிலும் இந்தக் கலப்பு இயல்பாகவே இருந்தது. நவீன மலாய் உரைநடையின் முன்னோடியான முன்ஷி அப்துல்லா தமிழ் முஸ்லிம் வேர் உடையவர். மலாக்காவில் தமிழும் படித்தவர். அவர் மகன் முகம்மது இப்ராகிம் முன்ஷி ஜோகூர் அரசாங்கத்தில் பணியாற்றினார். 1870-களில் தாம் செய்த பயணங்களை மலாயில் நூலாக எழுதினார்.

பிறகு எப்போது கோடு விழுந்தது? 1930-களில் என்பதே எங்கள் கணிப்பு. அது தாளிகைகளில்தான் தெளிவாக எழுத்தில் ஏறியது.

அப்போது உலகெங்கும் பொருளாதார மந்தம். ரப்பர், ஈயம் விலை விழுந்தது. நகரங்களில் கடையும் வீடும் பெரும்பாலும் மற்றவர் கையில் இருக்கக் கண்ட மலாய்க்காரர்களிடம் மனக்குறை இருந்தது. அதில் நியாயமும் இருந்தது. முஸ்லிம்களுக்காகப் பேசிய சங்கங்களிலும் பத்திரிகைகளிலும்கூட அரபு, இந்திய வழியினரே முன்வரிசையில் இருந்தார்கள். 1930-இல் தொடங்கிய 'வார்த்தா மலாயா' நாளிதழ் அல்சகோஃப் என்ற அரபுக் குடும்பத்துடையது. அதன் ஆசிரியராக அமர்ந்தவர் ஜோகூர்க்காரரான ஓன் ஜாஃபர். பின்னாளில், 1946 மே மாதம், ஜோகூர் பாருவில் அம்னோ பிறந்தபோது அதன் முதல் தலைவரானவரும் அவரே.

அந்த மனக்குறையை இதழ்கள் சொல்லாக்கின. 'மெலாயு ஜாத்தி', அதாவது அசல் மலாய்க்காரர், என்ற பேச்சு வலுத்தது. மற்றவர்களுக்கு மூன்றெழுத்துச் சுருக்கங்கள் கிடைத்தன: அரபு இரத்த வழியினருக்கு 'டி.கே.ஏ.', கிளிங் இரத்த வழியினருக்கு 'டி.கே.கே.'. இரண்டாவது நாம்தான். ஒரு குடும்பத்தின் மூன்று தலைமுறைக் கதையை ஒரு சுருக்கத்துக்குள் அடைத்துவிட்டார்கள். சுருக்கம் அச்சில் ஏறினால் கடைத்தெருவுக்கு வர வெகுநாள் ஆகாது. 1939 மே 29-இல், மலாய்க்காரரே முதல் போட்டு மலாய்க்காரரே நடத்தும் ஏடாக 'உத்துசான் மெலாயு' வெளிவந்தது. அதன் நிறுவனர்களில் ஒருவரான யூசோஃப் இஷாக்கும் முதல் ஆசிரியரான அப்துல் ரகீம் காஜாயும் முன்பு 'வார்த்தா மலாயா'வில் பணியாற்றியவர்கள்.

பதினோரு ஆண்டில் கோடு இடம் மாறியது. மரியா ஹெர்தோ என்ற டச்சுச் சிறுமியை சே அமினா நத்ரா என்று பெயரிட்டு முஸ்லிமாக வளர்த்தார். 1950 டிசம்பர் 2-இல் சிங்கப்பூர் நீதிமன்றம் அவளைப் பெற்ற தாயிடம் ஒப்படைக்கத் தீர்ப்பளித்தது. அவளை ஒரு கன்னிமாடத்தில் தங்க வைத்தார்கள். ஆங்கிலத் தாள்கள் அவள் கன்னியாஸ்திரியுடன் கைகோத்து நிற்கும் படத்தைப் போட்டன. 'உத்துசான்' அவள் அழும் படங்களைப் போட்டது. ஒரே சிறுமி, ஒரே வாரம். எந்தப் படமும் பொய்யில்லை. ஆனால், ஒரு தாளை மட்டும் படித்தவருக்கு அடுத்த தாளின் படம் தெரியாது. போராட்டக் குழுவுக்குத் தலைமை ஏற்ற கரீம் கனி நம்மைப் போல் இந்திய முஸ்லிம், பர்மாவிலிருந்து வந்தவர், நேதாஜியின் ஆசாத் ஹிந்த் அரசில் ஆலோசகராக இருந்தவர். அவருடைய 'டான்' என்னும் ஆங்கில ஏடு இலவசமாகக் கை மாறியது. டிசம்பர் 11-இல் கலவரம் வெடித்தது. 18 பேர் இறந்தார்கள், 173 பேர் காயமுற்றார்கள். ஆங்கிலத் தாள்களை மட்டும் குற்றம் சொல்லி இக்கதையை முடிப்பது நமக்கு வழக்கம். 'டான்' ஏட்டையும் சேர்த்துச் சொல்வதே நேர்மை.

1939-இல் கோட்டுக்கு வெளியே நின்ற நாம் 1950-இல் உள்ளே நின்றோம். இடையில் நம் இரத்தம் மாறிவிடவில்லை. தாளிகைகள் எதைப் பெரிய எழுத்தில் போட்டன என்பதுதான் மாறியது.

1957-இல் அரசியலமைப்பின் 160-ஆம் பிரிவு இஸ்லாத்தையும் மலாய் மொழியையும் மலாய் வழக்கத்தையும் அளவுகோலாக வைத்தது. இரத்தம் என்ற சொல் அதில் இல்லை. ஆனாலும் பழைய பேச்சு ஓயவில்லை. 2017 ஜூலையில் இந்திய முஸ்லிம்களுக்குப் பூமிபுத்ரா தகுதி வழங்குவது பற்றிப் பரிசீலிப்பதாகப் பிரதமர் நஜிப் சொன்னார். அதே மாதம், துணைப் பிரதமர் ஸாஹிட் ஹமிடி அம்னோ கூட்டமொன்றில் மகாதீரை 'இஸ்கந்தர் குட்டி'யின் மகன் என்று குறிப்பிட்டார். கைப்பேசிகளில் அந்தப் பேச்சு ஓடிய வேகத்தில் முந்தைய செய்தி அடிபட்டுப் போயிற்று. ஒருபுறம் நமக்குத் தகுதி பற்றிய பேச்சு, மறுபுறம் நம் வழிப்பெயர் இன்னொருவரை இழித்துரைக்கும் ஆயுதம். இரண்டையும் அன்று ஒரே கைப்பேசியில் படித்தோம்.

நம் வீடுகளில் இன்றும் அண்ணன் பிறப்புச் சான்றிதழில் 'இந்தியர்', தம்பி சான்றிதழில் 'மலாய்' என்று இருக்கிறது. கல்யாண வீட்டில் இருவரும் ஒரே சஹனில்தான் சாப்பிடுகிறார்கள். பள்ளியில் சேர்க்கும்போதுதான் பிள்ளைகள் கேட்கிறார்கள், 'இனம்' என்ற கட்டத்தில் எதை எழுதுவது என்று.