துவைப்பது பாதி, உலர்த்துவது மீதி



வெளிநாட்டில் இருக்கும் பிள்ளைகள் கொண்டுவந்த 'டவுன்' போர்வை இன்று நம்மில் பலர் வீட்டு அலமாரியில் இருக்கிறது. டவுன் என்றால் ஊர் அல்ல. வாத்தின் மேலிறகுக்கு அடியில் இருக்கும், தண்டில்லாத மெல்லிய தூவி. எங்கள் மகள் முதல் சம்பளத்தில் வாங்கித் தந்த போர்வையைச் சென்ற கார்த்திகையில் வீட்டிலேயே துவைத்து பால்கனியில் காயப்போட்டோம். மேலே தொட்டால் காய்ந்திருந்தது, மடித்து வைத்தோம். பொங்கலுக்கு எடுத்தபோது உள்ளே கட்டிகட்டியாகப் பூசணம். தூக்கிப் போட வேண்டியதாயிற்று. ஏன் இப்படி ஆயிற்று என்று தேடியபோது கிடைத்த வரலாறு இது.

தூவிப் படுக்கை நமக்குப் புதிதல்ல. சங்க நூலான நெடுநல்வாடையில், கூதிர்காலக் குளிரில் கணவனைப் பிரிந்திருக்கும் அரசியின் கட்டிலில் அன்னத்தூவி அணை விரித்திருக்கிறது. 'பஞ்ச சயனம்' எனப்படும் ஐவகைப் படுக்கையிலும் தூவிக்கு இடமுண்டு. ஆனால் அது அரண்மனைப் பொருள். நம் பாட்டி வீட்டில் இருந்தது இலவம்பஞ்சு மெத்தை. அதை யாரும் தண்ணீரில் நனைத்ததில்லை. உறையை மட்டும் துவைத்து, மெத்தையை மொட்டை மாடி வெயிலில் போட்டுக் குச்சியால் தட்டுவார்கள்.

ஐரோப்பாவிலும் கதை அதேதான். ஐஸ்லாந்தில் ஈடர் வாத்து தன் மார்பிலிருந்து பிடுங்கிக் கூட்டில் பரப்பும் தூவியைச் சேகரிக்கிறார்கள். ஒரு கிலோவுக்கு ஏறக்குறைய 60 கூடுகள் வேண்டும். சேகரித்ததும் முதல் வேலை காயவைப்பது. ஜெர்மனியில் காலையில் இறகுப் போர்வையை ஜன்னலில் தொங்கவிட்டுக் காற்றாட விடுவது பழைய வழக்கம். தூவியைத் துவைப்பது எப்போதாவது நடக்கும் பெரிய வேலை.

தூவி கதகதப்பு தருவது தன் இழைகளுக்கிடையே பிடித்து வைக்கும் காற்றால்தான். நனைந்தால் இழைகள் ஒட்டிக்கொள்ளும், காற்றுக்கு இடமிராது. 1930களின் இறுதியில் அமெரிக்காவில் வீட்டுக்கான மின் டிரையர் விற்பனைக்கு வந்தது. சுழற்றிச் சுழற்றி உலர்த்தும் அந்த எந்திரம் பரவிய பிறகுதான் தூவிப் போர்வையை வீட்டிலேயே துவைப்பது எளிதாயிற்று. நாம் துவைக்கும் பாதியை எடுத்துக்கொண்டு, உலர்த்தும் பாதியை விட்டுவிட்டோம்.

ஆகவே, உங்கள் போர்வைக்கு உறை போட்டு, உறையை மட்டும் அடிக்கடி துவையுங்கள். போர்வையையே துவைப்பதானால் லேபிளைப் பாருங்கள். பெரிய மெஷின், கொஞ்சம் மென்மையான திரவ சோப்பு, இரண்டு மூன்று முறை அலசல் வேண்டும். கம்ஃபர்ட் போன்றவை வேண்டாம். டிரையரில் குறைந்த சூட்டில் இரண்டு டென்னிஸ் பந்துகளோடு ஓட்டுங்கள். நடுநடுவே எடுத்து உதறிக் கட்டிகளைப் பிரித்துவிடுங்கள். உள்ளே ஒரு கட்டிகூடத் தட்டுப்படாத வரை மடிக்காதீர்கள். ஐப்பசி, கார்த்திகை மழையில் துவைக்கவே வேண்டாம். பங்குனி வரை பொறுங்கள்.

சங்கத்துக்கு ஒரு வேண்டுகோள். மொட்டை மாடிக் கதவு இப்போது பூட்டியே இருக்கிறது. பங்குனி, சித்திரை ஞாயிறுகளிலாவது காலையில் திறந்துவிட்டு, நான்கு கொடி கட்டித் தாருங்கள். பாட்டியின் இலவம்பஞ்சுக்குக் கிடைத்த வெயில், பிள்ளைகள் தந்த போர்வைக்கும் கிடைக்கட்டும்.