தனிமுத்திரை

'முத்திரை' வடமொழி 'முத்ரா'விலிருந்து வந்த சொல். மோதிரத்தில் செதுக்கி அரக்கில் அழுத்தும் அடையாளமே அதன் பழம்பொருள்களுள் முதன்மையானது. பரதத்தின் கைக்குறிக்கும் பத்திரப் பதிவின் முத்திரைத்தாளுக்கும் இதே சொல்தான். வேலூர்–ஆரணிச் சாலையில் உள்ள கணியம்பாடியின் காய்கறிக் கடைக்காரர் 'முத்திரை போட்ட கல்' என்றால் அது எடைக்கல். கல்லைக் கவிழ்த்தால் அடியில் ஒரு குழி. அதில் ஊற்றிய ஈயத்தின் மேல் அரசு முத்திரை பதிந்திருக்கும். கடைக்காரர் தாமே அதைக் குத்திக்கொள்ள முடியாது; எடையைச் சோதித்த அதிகாரிதான் குத்த வேண்டும்.

முத்திரைக்கு நெருங்கிய ஆங்கிலச் சொல்லான 'பிராண்ட்' நெருப்பில் பிறந்தது. எரிதல், கொள்ளிக்கட்டை என்னும் பொருளிலிருந்து மாட்டுக்குப் போடும் சூடு, பிறகு வணிகக்குறி என நகர்ந்தது. அதை மனிதருக்கும் பொருத்தி 1997இல் மேலாண்மை எழுத்தாளர் டாம் பீட்டர்ஸ் எழுதிய கட்டுரை பரவலாகப் பேசப்பட்டது. 2003இல் வேலைத் தொடர்புகளுக்கான லிங்க்ட்இன் தளம் வந்தபின் வேலை தேடும் மாணவர் வரை அந்த வழக்கு எட்டியது.

மனிதருக்குப் பொருத்திய இந்தப் 'பிராண்ட்' என்பதற்குத் தமிழில் புதுச்சொல் தேட வேண்டியதில்லை. 'தனி முத்திரை பதித்தவர்' என்று பத்திரிகைகள் நெடுங்காலமாக எழுதுகின்றன. ஒருவர் செய்த வேலையைப் பார்த்துப் பிறர் சொல்லும் பாராட்டு அது. 'முத்திரை குத்துதல்' என்றாலோ, ஆராயாமல் ஒருவரை ஒரு வகைக்குள் அடைப்பது. வினை மாறினால் பொருளே தலைகீழாகிறது. தம் லிங்க்ட்இன் பக்கத்தில் 'தலைமைப் பண்பு மிக்கவர்' என்று எழுதிக்கொள்வது இரண்டிலும் சேராது; செய்துமுடித்த பணியை விளக்கி, உடன் உழைத்தவரின் பரிந்துரையையும் இணைப்பதே 'பதித்தல்' என்ற வினைக்குப் பொருந்தும்.