ஒரு றாத்தல் பாண்



சுபஹ் தொழுதுவிட்டு வரும் வழியில் சுடச்சுடப் பாண் வாங்கி, கடுதாசியில் சுற்றி நெஞ்சோடு அணைத்துக்கொண்டு வந்த காலம் நம்மில் நாற்பதைத் தாண்டியவர்களுக்கு மறந்திருக்காது. வீடு வந்து சேர்வதற்குள் ஒரு பக்கத்துத் தோலைப் பிய்த்துத் தின்று, உம்மாவிடம் ஏச்சு வாங்காதவர்கள் நம்மில் குறைவு. இன்றைய பிள்ளைகளுக்கு அந்த ஆசை வருவதில்லை. பிய்த்துத் தின்னப் பாணில் தோலே இல்லை. கையால் அமத்தினால் பஞ்சு மாதிரி அமந்து போகிறது. மறுநாள் வெட்டினால் உதிர்ந்து கொட்டுகிறது.

"வயது போனால் பழையதெல்லாம் ருசிதான்" என்று சிலர் நம்மைப் பகிடி பண்ணுவார்கள். அதிலும் கொஞ்சம் உண்மை இருக்கிறது. ஆனால் ருசியைத்தான் நிறுக்க முடியாது, பாணை நிறுக்கலாம்.

சென்ற தவணையில் பிள்ளைகளுக்குத் திணிவு பற்றிப் படிப்பித்தபோது அதைத்தான் செய்தோம். மூன்று கடைகளில் மூன்று பாண் வாங்கி, ஆய்வுகூடத் தராசில் வைத்தோம். ஒன்றுதான் 450 கிராமைத் தொட்டது. மற்ற இரண்டும் நன்றாகவே குறைந்தன. கடைகளின் பெயரைப் பிள்ளைகளுக்கும் சொல்லவில்லை, இங்கும் எழுதப் போவதில்லை. ஆனால் ஒரு பிள்ளை கேட்ட கேள்வியை எழுதத்தான் வேண்டும்: "சேர், அப்ப ஏன் இத றாத்தல் பாண் எண்டு சொல்றம்?"

அந்தக் கேள்விக்குப் பதில் சொல்லக் கொஞ்சம் வரலாறு வேண்டும்.

'றாத்தல்' என்பது அறபு மொழியின் 'ரத்ல்'. ஃபிக்ஹு கிதாபுகளில் அளவைகளைப் பற்றி ஓதியவர்களுக்கு இது பழகிய சொல். போர்த்துக்கேயரும் அறபுக்காரரிடமிருந்தே இதை எடுத்துத் தங்கள் நிறைக்குப் பெயராக வைத்துக்கொண்டார்கள். ஆங்கிலேயர் காலத்தில் அவர்களுடைய பவுண்டை, அதாவது 453.6 கிராமை, நாம் றாத்தல் என்றோம். கிராம் வந்த பிறகு அது 450 ஆனது. 'பாண்' போர்த்துக்கேயச் சொல். அதைச் சுடும் 'போறணை'யும் அப்படியே. ஆக, "ஒரு றாத்தல் பாண் தாங்க" என்று கேட்கும்போது நாம் கேட்பது ஒரு நிறையை. பெயரிலேயே நிறையைச் சுமக்கும் உணவு நம் கடைகளில் வேறு எது இருக்கிறது?

இந்தப் பாண் எப்போதும் ஏழையின் உணவாக இருக்கவில்லை. நம் மக்களின் சாப்பாடு சோறுதான். அந்த அரிசியில் பெரும்பங்கு பர்மாவிலிருந்து வந்தது. 1942இல் ஜப்பான் பர்மாவைப் பிடித்ததும் அரிசிக் கப்பல்கள் நின்றன. பங்கீட்டு அரிசியைக் குறைத்து, கோதுமை மாவைக் கொடுத்தார்கள். நம் வீடுகளில் கோதுமை மா இறுக வேரூன்றியது அப்போதுதான். 1970களின் முற்பகுதியில் மாவுக்குத் தட்டுப்பாடு வந்தபோது, விடியுமுன் பாண் கியூவில் நின்ற கதையை நம் வாப்பாமார் இன்றும் சொல்வார்கள். 1980இல் திருகோணமலையில் பிரிமா ஆலை இயங்கத் தொடங்கிய பின் மா தாராளமாகக் கிடைத்தது. தோட்டத்திலும் கடற்கரையிலும் வயலிலும் வேலை செய்கிறவரின் காலைச் சாப்பாடு பாணும் சம்பலும் என்றானது.

அந்த நாளில் பேக்கரிகளில் இரவே மாவைக் குழைத்து, கொஞ்சம் ஈஸ்ட் போட்டு, பொங்க விடுவார்கள். மணிக்கணக்காகக் கிடந்து புளிக்கும். அந்தப் புளிப்பில்தான் மணமும் ருசியும் பிறக்கும். பிறகு விறகு எரித்த செங்கல் போறணையில் வேகும். தோல் முறுகும்.

1961இல் இங்கிலாந்தில் சோர்லிவூட் என்னும் இடத்தில் ஒரு புது முறையைக் கண்டுபிடித்தார்கள். வேகமான இயந்திரத்தில் மாவை அடித்து, ஈஸ்டைக் கூட்டி, வேறு சில பொருட்களும் சேர்த்தால், பல மணி நேரப் புளிப்பு தேவையில்லை. அந்த முறை அப்படியே நம்மூருக்கு வந்தது என்று சொல்லவில்லை. ஆனால் அதன் எண்ணம் வந்துவிட்டது. 'இம்புரூவர்' என்ற தூளைப் போட்டால் மா சீக்கிரம் பொங்குகிறது, பாண் பெரிதாகத் தெரிகிறது. உள்ளே இருப்பது காற்று. சூடு ஆறுமுன் பொலித்தீன் பையில் போடுவதால், கொஞ்சநஞ்சம் இருந்த தோலும் ஆவியில் நனைந்து போகிறது.

பேக்கரிக்காரரை மட்டும் குற்றம் சொல்லவும் முடியாது. நமக்குத் தெரிந்த வயதான பேக்கரிக் காக்கா ஒருவரிடம் இதைக் கேட்டோம். "மெதுவா இருக்கணும், பெரிசா இருக்கணும், விலையும் கூடப்படாது எண்டு நீங்கதானே கேட்டீங்க" என்றார். நமக்கு மறுபேச்சு வரவில்லை. 2022இல் டொலர் இல்லாமல் நாடு தவித்தபோது மா, காஸ், எண்ணெய் எல்லாம் கையைச் சுட்டன. விலையைக் கூட்டினால் சனம் ஏசும் என்று பயந்த பலர், ஒன்றும் சொல்லாமல் பாணைச் சிறிதாக்கினார்கள். விலை பின்னர் இறங்கியபோதும் பாண் வளரவில்லை.

இப்போது சட்டம் இருக்கிறது. நுகர்வோர் அதிகார சபை 2024இல் வெளியிட்ட வர்த்தமானிப்படி முழுப் பாண் 450 கிராம், அரைப் பாண் 225 கிராம் இருக்க வேண்டும். முழுப் பாணில் 13.5 கிராமும், அரைப் பாணில் 9 கிராமும் வரைதான் குறையலாம்.

ஆனால் நமக்கு அந்த வர்த்தமானிக்கு முன்பே ஒரு கட்டளை இருந்தது. அளவையிலும் நிறுவையிலும் குறைப்பவர்களைக் கண்டிக்கும் 'அல்முதஃப்பிஃபீன்' சூராவை நாம் சிறு வயதிலேயே ஓதியிருக்கிறோம். அதை மரிக்கார் கடைக்கும் சீனிக் கடைக்கும் என்று ஒதுக்கிவிட்டு, பாண் கடையை விட்டுவிட்டோமா? பணக்காரர் வீட்டில் பாண் குறைந்தால் முட்டையும் இறைச்சியும் இருக்கும். ஒரு றாத்தல் பாணை ஐந்து பேருக்கு வெட்டும் வீட்டில், குறைகிற ஒவ்வொரு துண்டும் ஒரு பிள்ளையின் பங்கு. அந்தப் பிள்ளை நமது வகுப்பில்தான் பத்து மணிக்குத் தலையைக் கவிழ்ந்துகொண்டு இருக்கிறது.

நாளைக்குப் பாண் வாங்கும்போது தராசில் வைக்கச் சொல்லுங்கள். கடைக்காரரோடு சண்டை வேண்டாம், வெட்கமும் வேண்டாம். இரவே மா குழைத்து, நிறை குறையாமல் சுடுகிற கடை உங்கள் ஊரில் இருந்தால், பத்து ரூபா கூடினாலும் அங்கேயே வாங்குங்கள். பழைய விறகுப் போறணைகள் எங்கெங்கே இருந்தன என்று தெரிந்த பெரியவர்கள் கீழே எழுதுங்கள். பிள்ளைகளுக்குச் சொல்லிக் கொடுக்க நமக்கு அது தேவை.