பொம்மைப் படங்களும் விமர்சனமும்: ஒரு வரலாற்றுப் பார்வை

"பொம்மையை வச்சு எடுத்த படத்துக்கெல்லாம் ஒரு ஆராய்ச்சிக் கட்டுரையா?" என்று மலர்க்குழு நண்பர் ஒருவர் சிரித்தார். சிலப்பதிகாரம் பற்றியோ சோழர் கல்வெட்டுகள் பற்றியோ நான் எழுதித் தருவேன் என்று எதிர்பார்த்தாராம். அவற்றைப் பற்றி எழுத என்னைவிடத் தகுதியுள்ளவர்கள் நம் சங்கத்தில் இருக்கிறார்கள். நான் எடுத்துக்கொண்டது நம் வீட்டுக் கூடத்திலேயே நடந்துவரும் ஒரு சரித்திரம். கடையில் விற்கும் பொம்மையைக் கதாநாயகனாக்கி எடுக்கப்படும் படங்களை விமர்சகர்கள் மதித்து ஆராய வேண்டுமா, இல்லை 'குழந்தைப் படம்தானே' என்று விட்டுவிடலாமா என்பது கேள்வி. மதித்து ஆராயத்தான் வேண்டும் என்பது என் கட்சி. அந்தப் படங்கள் நல்ல படங்கள் என்பதற்காக இதைச் சொல்லவில்லை. பலவும் சுமார் ரகம்தான்.

முதலில் ஒரு விஷயத்தைத் தெளிவுபடுத்திக்கொள்ளலாம். பொம்மையைக் கண்டு இலக்கியம் ஒருநாளும் முகம் சுளித்ததில்லை. சூத்திரகரின் வடமொழி நாடகமான 'மிருச்சகடிகம்' என்ற பெயருக்கே களிமண் வண்டி என்று பொருள். பக்கத்து வீட்டுப் பையனின் பொன் வண்டியைப் பார்த்துவிட்டு, மண்வண்டி வேண்டாம் என்று அழுகிறான் ஏழை சாருதத்தனின் மகன். வசந்தசேனை தன் நகைகளைக் கழற்றி அந்த மண்வண்டியில் நிரப்புகிறாள். அதே நகைகள் பின்னால் நீதிமன்றத்தில் சாருதத்தனுக்கு எதிரான தடயமாகிவிடுகின்றன. இந்த நாடகத்தைத் தழுவி கிரீஷ் கர்னாட் 1984இல் 'உத்சவ்' என்ற இந்திப் படத்தை எடுத்தார். நம் பிள்ளைத்தமிழிலோ சிறுதேருக்கும் சிறுபறைக்கும் தனித்தனிப் பருவமே உண்டு. ஆனால் மண்வண்டி செய்து விற்றவன் யாரும் சூத்திரகரிடம் பணத்தைக் கொடுத்து, "சாமி, நம்ம சரக்கு நல்லா போகிற மாதிரி ஒரு நாடகம் எழுதுங்க" என்று கேட்கவில்லை. அங்கே கதை பொம்மையைத் தேடி எடுத்துக்கொண்டது. நாம் பேசப்போவது பொம்மை தனக்காகக் கதையைத் தயாரித்துக்கொண்ட கதை.

அது அமெரிக்காவில் நடந்தது. மேட்டல் நிறுவனம் 1968இல் 'ஹாட் வீல்ஸ்' என்ற சின்னஞ்சிறு கார்களை விற்பனைக்குக் கொண்டுவந்தது. மறு வருஷமே ஏபிசி தொலைக்காட்சியில் அதே பெயரில் ஒரு கார்ட்டூன் தொடர் ஆரம்பமாயிற்று. போட்டிப் பொம்மைக் கம்பெனி ஒன்று, இது நிகழ்ச்சியே இல்லை, நீளமான விளம்பரம் என்று புகார் கொடுத்தது. வானொலி, தொலைக்காட்சிகளைக் கண்காணிக்கும் மத்தியத் தகவல் தொடர்பு ஆணையம் புகாரில் நியாயம் இருக்கிறது என்றது. அந்த நேரத்தை விளம்பரக் கணக்கிலும் சேர்க்க வேண்டும் என்ற நிலையை எடுத்தது. 1971இல் தொடர் நின்றுபோயிற்று. பொம்மைக் கம்பெனிகள் கொஞ்ச காலம் அடங்கியிருந்தன.

1977இல் 'ஸ்டார் வார்ஸ்' வந்தது. அது பொம்மையிலிருந்து பிறந்த படமில்லை, படத்திலிருந்து பொம்மை பிறந்தது. ஆனால் கென்னர் கம்பெனியால் அந்தக் கிறிஸ்துமஸுக்குள் பொம்மைகளைச் செய்து முடிக்க முடியவில்லை. என்ன செய்தார்கள் தெரியுமோ? பொம்மை பிறகு வரும் என்ற உறுதிச்சீட்டை உள்ளே வைத்து, அட்டையை மட்டும் விற்றார்கள். அதையும் பெற்றோர்கள் வாங்கினார்கள்! பொம்மையே இல்லாமல் கதை மட்டும் காசாகும் என்று வியாபார உலகம் தெரிந்துகொண்டது அப்போதுதான் என்று நினைக்கிறேன்.

பிறகு ரீகன் ஆட்சி. மேலே சொன்ன ஆணையத்துக்கு மார்க் ஃபவுலர் தலைவரானார். தொலைக்காட்சி என்பதும் ரொட்டி சுடுகிற டோஸ்டர் மாதிரி ஒரு வீட்டுச் சாதனம்தான், இதில் படம் தெரிகிறது, அவ்வளவுதான் வித்தியாசம் என்பது அவர் பார்வை. குழந்தைகள் நிகழ்ச்சிகளில் விளம்பரத்துக்கு இருந்த வரம்புகளை ஆணையம் 1984இல் எடுத்துவிட்டது. மேட்டலின் ஹீ-மேன் பொம்மை 1982இல் கடைக்கு வந்தது, கார்ட்டூன் 1983இல். நம் தூர்தர்ஷனிலும் அது ஓடியது. நம்மில் பலருடைய பிள்ளைகள் மரக்கரண்டியை வாளாக உயர்த்திக்கொண்டு வீட்டைச் சுற்றியதை நினைவுபடுத்திக்கொள்ளலாம். வாழ்த்து அட்டைக் கம்பெனி ஒன்றின் கரடிப் படங்கள் 'கேர் பேர்ஸ்' பொம்மைகளாகி, 1985இல் திரைப்படமும் ஆயின. 1986இல் 'மை லிட்டில் போனி', 1987இல் ஹீ-மேனுக்கே மனிதர்கள் நடித்த படம் என்று வரிசையாக வந்தன. 'இது விளம்பரம்' என்று ஒரு வரியில் சொல்லி நகர்வதே விமர்சகர்களின் பொது வழக்கமாக இருந்தது. சொன்னது பொய்யில்லை. ஆனால் அந்த ஒரு வரி எதை விட்டுவிட்டது என்பதற்கு 1986 ஆகஸ்டில் வெளியான 'டிரான்ஸ்ஃபார்மர்ஸ்' கார்ட்டூன் படமே நல்ல சாட்சி.

டிரான்ஸ்ஃபார்மர்ஸ் என்பவை லாரியாகவும் காராகவும் துப்பாக்கியாகவும் உருமாறும் இயந்திர மனிதர்கள். ஜப்பானின் டகாரா கம்பெனி செய்த பொம்மைகளை அமெரிக்காவின் ஹாஸ்ப்ரோ வாங்கி, புதுப்பெயர் வைத்து, 1984இல் கடைக்கும் தொலைக்காட்சிக்கும் ஒன்றாக அனுப்பியது. நல்லவர்களின் தலைவன் ஆப்டிமஸ் பிரைம், சிவப்பும் நீலமுமான லாரி. தகப்பனார் மாதிரிக் கனமான குரல் அவனுக்கு. இரண்டு வருஷம் பிள்ளைகள் சாயங்காலம்தோறும் அந்தக் குரலைக் கேட்டு வளர்ந்தார்கள்.

1986இல் கம்பெனிக்குப் புதிய பொம்மை வரிசையை விற்றாக வேண்டியிருந்தது. பழைய பொம்மைகள் கடை அலமாரியிலிருந்து போக வேண்டும். ஆகவே படத்தின் முற்பகுதியிலேயே பழைய பாத்திரங்களை வரிசையாகக் கொன்றார்கள். ஆப்டிமஸ் பிரைமும் போரில் படுகாயப்பட்டு, தோழர்கள் சுற்றி நிற்க, படுக்கையில் கிடந்து சாகிறான். உயிர் போகும்போது அவன் உடம்பின் சிவப்பும் நீலமும் வெளுத்துச் சாம்பல் நிறமாகின்றன. தியேட்டரில் பிள்ளைகள் தேம்பி அழுதார்கள். பெற்றோர்களிடமிருந்து கம்பெனிக்குக் கோபக் கடிதங்கள் போயின. கதை அமைப்பில் பங்குகொண்டவர்களே பின்னாளில், பழைய சரக்கை நீக்குவதாக மட்டும்தான் நினைத்தோம், பிள்ளைகளுக்கு அவன் இத்தனை பெரியவன் என்று எங்களுக்குத் தெரியவில்லை என்ற பொருளில் சொல்லியிருக்கிறார்கள். அமெரிக்காவில் படம் சுமார் 58 லட்சம் டாலர்தான் வசூலித்தது. 1987இல் தொலைக்காட்சித் தொடரில் ஆப்டிமஸ் பிரைமை உயிரோடு திரும்பக் கொண்டுவந்தார்கள். அதே வருஷம் வந்த இன்னொரு ஹாஸ்ப்ரோ படமான 'ஜி.ஐ. ஜோ'வில் டியூக் என்ற வீரன் சாவதாக இருந்தது. இங்கே பட்ட சூட்டில் அதை மாற்றிவிட்டார்கள். படத்தில் அவன் நெஞ்சில் குத்துப்பட்டு விழுவதைப் பார்க்கிறோம், உடனே ஒரு குரல் அவன் மயக்கநிலையில்தான் இருக்கிறான் என்கிறது. ஒட்டுப்போட்டது பச்சைக் குழந்தைக்குக்கூடத் தெரியும்.

இதை 'விளம்பரம்' என்ற ஒரே சொல்லில் அடைத்துவிட முடியுமா? உத்தரவு கணக்குப் புத்தகத்திலிருந்து வந்தது, சந்தேகமில்லை. ஆனால் திரையில் நடந்தது ஒரு சாவு. அழுத பிள்ளைகளில் பலருக்கு அது முதலில் பார்த்த சாவாகவே இருந்திருக்கும். அந்தக் காட்சியை வரைந்தவர்களும் குரல் கொடுத்த பீட்டர் கல்லனும் அதைக் கடமைக்குச் செய்யவில்லை. இன்று பார்த்தாலும் தெரிகிறது. ஏன் கொன்றார்கள் என்பதற்கு வியாபாரம் பதில் சொல்லும். ஏன் அழுதார்கள் என்பதற்குக் கலையைக் கேட்க வேண்டும். இரண்டையும் சேர்த்துக் கேட்கிறவனுக்குத்தான் விமர்சகன் என்று பெயர்.

இந்தப் படத்தில் இன்னொரு வேடிக்கை உண்டு. கிரகங்களையே விழுங்கும் யூனிக்ரான் என்ற அரக்கனுக்குக் குரல் கொடுத்தவர் ஆர்சன் வெல்ஸ். 1985 அக்டோபர் 10ஆம் தேதி அவர் காலமானார். இந்தக் குரல்பதிவு அதற்குச் சில நாட்களுக்கு முன்னால்தான் நடந்தது. அவருடைய 'சிட்டிசன் கேன்' (1941) படத்தை, 'சைட் அண்ட் சவுண்ட்' இதழ் பத்தாண்டுக்கு ஒருமுறை எடுக்கும் விமர்சகர் வாக்கெடுப்பு 1962 முதல் 2002 வரை தொடர்ந்து முதலிடத்தில் வைத்தது. அந்தப் படத்தின் மர்மம் என்ன? சாகும்போது கோடீஸ்வரன் முணுமுணுத்த சொல், சின்ன வயதில் அவன் பனியில் சறுக்கி விளையாடிய பலகை வண்டியின் பெயர். ஒரு விளையாட்டுச் சாமான்! அதைப் பற்றி எத்தனை புத்தகங்கள், எத்தனை கருத்தரங்குகள். விளையாட்டுச் சாமான் என்பதால் ஒரு படம் தாழ்ந்துவிடாது என்று விமர்சகர்களே 1941இலிருந்து ஒப்புக்கொண்டுதான் இருக்கிறார்கள்.

பிக்ஸார் 'டாய் ஸ்டோரி'யை 1995இல் எடுத்தபோது பார்பியைக் கேட்டார்கள், மேட்டல் மறுத்துவிட்டது. பொம்மைக்கு ஒரு குணத்தைப் படம் நிச்சயித்துவிட்டால், விளையாடுகிற குழந்தை தானாக எதையும் கற்பனை செய்ய முடியாது என்று காரணம் சொல்லப்பட்டது. நல்ல காரணம், தத்துவ நூலில் எழுதி வைக்கலாம். படம் பிரமாதமாக ஓடியதும், 1999இல் இரண்டாம் பாகத்துக்குப் பார்பி வந்துவிட்டாள்.

2007க்குப் பிறகு வந்த டிரான்ஸ்ஃபார்மர்ஸ் படங்களைப் பற்றி அதிகம் சொல்ல எனக்கு விருப்பமில்லை. ரோஜர் ஈபர்ட் 2009இல் இரண்டாம் படத்துக்கு நாலு நட்சத்திரத்தில் ஒன்றுதான் கொடுத்தார். ஒன்றே அதிகம்.

'தி லெகோ மூவி' (2014) வேறு ஜாதி. கையேட்டில் சொன்னபடியே கட்ட வேண்டும், கட்டியதைப் பசை போட்டு ஒட்டிவிட வேண்டும் என்பவன் அதில் வில்லன். கடைசியில் அவன் யார் என்று பார்த்தால், வீட்டு நிலவறையில் லெகோ ஊரைக் கட்டிவைத்துக்கொண்டு மகனைத் தொடவிடாத அப்பா. நான் அந்த இடத்தில் நம் வீட்டுக் கொலுவை நினைத்துக்கொண்டேன். "தொடாதே, உடைஞ்சுடும்" என்று சொல்லாத வீடு எது? படத்தை ரசித்தேன். அதே சமயம், அந்தப் படத்தின் பெயரிலேயே லெகோ பெட்டிகள் விற்றன, ஒவ்வொன்றுக்கும் உள்ளே படிப்படியாகக் கட்டச் சொல்லும் கையேடு இருந்தது. கையேட்டைக் கிழி என்று சொல்லிக் கையேட்டை விற்ற சாமர்த்தியத்தை விமர்சனம் சொல்லாவிட்டால் வேறு யார் சொல்வது?

இப்போது பார்பிக்கு வருவோம். 2023 ஜூலை 21ஆம் தேதி கிரெட்டா கெர்விக்கின் 'பார்பி' இந்தியாவிலும் வெளியானது. உலக வசூல் 140 கோடி டாலருக்கு மேல். ஆஸ்கருக்கு எட்டுப் பரிந்துரைகள், பாட்டுக்கு ஒரு பரிசு. இந்த முறை விமர்சகர்கள் யாரும் ஒதுங்கவில்லை. பெண்ணியம், முதலாளித்துவம் என்று பத்தி பத்தியாக எழுதித் தள்ளினார்கள். ஆனால் கம்பெனியும் இந்த நாற்பது வருஷத்தில் நிறையக் கற்றுக்கொண்டுவிட்டது. பார்பியை ஒரு பள்ளிச் சிறுமி முகத்துக்கு நேரே திட்டுகிறாள். மேட்டலின் நிர்வாகக் குழுவில் எல்லோரும் ஆண்கள், எல்லோரும் அசடுகள். நாம் கேட்க நினைத்த கேள்வியை எல்லாம் படமே கேட்டுச் சிரித்துவிடுகிறது. சிரித்தபின் கேள்வி பல்லில்லாத கிழமாகிவிடுகிறது.

அதனால்தான் விமர்சனத்துக்குச் சரித்திர அறிவும் வேண்டும் என்கிறேன். படத்தில் பார்பியைப் படைத்த ரூத் ஹேண்ட்லர் பாட்டியாக, கனிவே உருவாக வருகிறார். தனக்கு வரி ஏய்ப்புத் தகராறு இருந்ததென்று வேடிக்கையாகச் சொல்லிக்கொள்கிறார். தியேட்டரில் எல்லோரும் சிரித்தார்கள். நடந்தது வேறு. ரூத் ஹேண்ட்லர் பெரிய பெண்மணிதான், அதில் மாற்றுக் கருத்தில்லை. ஜெர்மனியில் 'லில்லி' என்று விற்றுவந்த பொம்மையைப் பார்த்து, மகள் பார்பராவின் பெயரில் 1959இல் பார்பியைக் கொண்டுவந்தவர். மார்பகப் புற்றுநோயிலிருந்து மீண்டு, தன்னைப் போன்ற பெண்களுக்குச் செயற்கை மார்பகம் தயாரிக்கும் தொழிலையும் தொடங்கியவர். ஆனால் 1978இல் அவர்மீது வந்த வழக்கு வரி சம்பந்தப்பட்டதில்லை. மோசடி, பங்குச் சந்தையைக் கண்காணிக்கும் அரசு அமைப்புக்குப் பொய்க் கணக்குக் காட்டியது என்பவையே குற்றச்சாட்டுகள். அவர் அவற்றை எதிர்த்து வாதாடவில்லை. 57,000 டாலர் அபராதமும் 2,500 மணி நேரச் சமூக சேவையும் தண்டனையாகக் கிடைத்தன.

வரி என்றால் வீட்டுக்கு வீடு உள்ள தொல்லை, சிரித்துவிடலாம். பங்குதாரர்களுக்குக் காட்டிய பொய்க் கணக்கு என்றால் சிரிப்பு வராது. கம்பெனியின் பழைய கணக்கைக் கம்பெனியின் படமே ஒரு நகைச்சுவையில் திருத்தி எழுதிக்கொண்டது. நான் படித்த விமர்சனங்களில் இதைப் பிடித்துச் சொன்னவை மிகச் சில. என் பேத்தி அந்தப் படத்தை மூன்று தடவை பார்த்துவிட்டாள். அவளுக்கு ரூத் பாட்டியை ரொம்பப் பிடிக்கும். இன்னும் இரண்டு வருஷம் போகட்டும், மீதியைச் சொல்லலாம் என்றிருக்கிறேன்.