வெள்ளித்திரைத் துப்பாக்கியும் வரலாற்றின் சாட்சியும்

சென்ற காலத்தைப் பற்றி நம்முள் பெரும்பாலோர் கொண்டுள்ள எண்ணங்கள் ஏட்டிலிருந்து வந்தவை அல்ல, திரைப்படத்திலிருந்து வந்தவை. அமெரிக்க மேற்குப் பாலைவெளியில் குதிரைவீரர் சுட்டுப் பொருதியதையும், இரண்டாம் உலகப் போரில் வீரர்கள் காட்டிற் பதுங்கிச் சென்றதையும் நாம் படமாளிகையின் இருளிலே இருந்துதான் கண்டோம். ஆதலின், திரைப்படம் வரலாற்றிற்கு எத்துணை நம்பத்தக்க சாட்சி என்று வினவுவது வீண் வேலையாகாது. அதனைச் சோதித்தறிய எளிய கருவி ஒன்று உண்டு. அது நடிகர் கையிலுள்ள துப்பாக்கி. உடையையும் நடையையும் கற்பனையால் அமைத்துவிடலாம். துப்பாக்கிக்கோ பிறந்த ஆண்டு உண்டு, செய்த தொழிற்சாலை உண்டு. அது பிறக்குமுன் நடந்த கதையில் அது தோன்றுமாயின், சாட்சி பிழைபட்டது என்பது தெளிவு.

இச்சோதனைக்கு வில்லியம் ஹோல்டன் என்னும் அமெரிக்க நடிகரை எடுத்துக்கொள்வோம். 1918ஆம் ஆண்டு பிறந்து 1981இல் மறைந்த இவர், மேற்கத்தியப் படங்களிலும் போர்ப் படங்களிலும் ஒருங்கே புகழ் பெற்றவர்; நம் இலங்கைத் தீவிற்கே வந்து நடித்துச் சென்றவர். இரண்டாம் உலகப் போரின்போது அமெரிக்க இராணுவ வான்படையில் சேர்ந்து, பயிற்சிப் படங்களில் பணிபுரிந்தார். கடற்படை விமானியான இவருடைய தம்பியோ 1944இல் பசிபிக் போர்முனையில் உயிர் துறந்தார். போர் என்பது அவருக்கு வெறும் வேடமாக மட்டும் இருந்ததில்லை.

மேற்கத்தியப் படங்களின் துப்பாக்கி என்றால் முதலில் நினைவிற்கு வருவது கோல்ட் நிறுவனத்தாரின் ஆறு குண்டுச் சுழல்துப்பாக்கியே. 1873இல் அமெரிக்க இராணுவம் அதனை ஏற்றுக்கொண்டது. வின்செஸ்டர் நிறுவனத்தின் புகழ்பெற்ற நெம்புகோல் துப்பாக்கி ஒன்றும் அதே ஆண்டின் பெயரையே தாங்கியது. ஆனால் 1861 முதல் 1865 வரை நடந்த உள்நாட்டுப் போரைக் கூறும் ஹொலிவூட் படங்கள் பலவற்றிலும் இந்த 1873ஆம் ஆண்டு ஆயுதங்களே தாராளமாக வெடிக்கின்றன. படப்பிடிப்பு நிலையங்களின் ஆயுதக் களஞ்சியங்களில் அவையே நிறைந்திருந்தன. இருந்ததை எடுத்துக் கொடுத்தார்கள். மந்து இடித்து மருந்து அடைக்கும் பழைய துப்பாக்கியைவிட, உலோகத் தோட்டா இட்டுச் சுடும் துப்பாக்கி படப்பிடிப்பிற்கு எளிதாகவும் இருந்தது.

1969இல் வெளிவந்த 'த வைல்ட் பன்ச்' இன்னும் நுட்பமான எடுத்துக்காட்டு. சாம் பெக்கின்பா இயக்கிய அப்படத்தின் கதை 1913இல் மெக்சிக்கோ எல்லையில் நிகழ்வது. ஹோல்டன் அதில் முதுமை எய்திவரும் கொள்ளைக் கூட்டத் தலைவர். சுழல்துப்பாக்கியின் காலம் முடிந்து, தன்னியக்கக் கைத்துப்பாக்கியின் காலம் தொடங்கிவிட்டதைக் காட்டுவதற்காக, 1911இல் இராணுவம் ஏற்ற கோல்ட் கைத்துப்பாக்கியை அவர் கையிற் கொடுத்தனர். ஆண்டுக் கணக்குப் பொருந்துகிறது. எனினும் திரையில் வெடிப்பது கோல்ட் அன்று. அதனைப் போலவே தோற்றமளிக்கும் ஸ்பெயின் நாட்டு 'ஸ்டார்' என்னும் துப்பாக்கி. குண்டற்ற வெற்றுத் தோட்டாவிற்குப் பின்னுதைப்பு மிகக் குறைவு. அவ்வுதைப்பினாலேயே அடுத்த தோட்டாவை ஏற்றிக்கொள்ளும் தன்னியக்கத் துப்பாக்கி, வெற்றுத் தோட்டாவினால் இடையில் தடைப்பட்டு நின்றுவிடும். அக்காலத்தில் கோல்ட்டின் பெரிய தோட்டாவைவிட ஸ்டாரின் சிறிய தோட்டாவே இவ்வேலைக்கு நம்பகமாயிருந்தது.

அப்படத்தின் இறுதிச் சண்டையில் முழங்கும் இயந்திரத் துப்பாக்கியோ வேறு கதை. நீரால் குளிர்விக்கப்படும் அந்த பிறவுணிங் துப்பாக்கி, இராணுவத்தால் 1917இல் ஏற்கப்பட்டது. 1913இல் நடக்கும் கதைக்கு அது நான்கு ஆண்டு முந்திக்கொண்டு வந்துவிட்டது.

இனி, நமது தீவிற்கு வருவோம். டேவிட் லீன் இயக்கிய 'குவாய் நதிப் பாலம்' 1957இல் வெளிவந்து ஏழு ஒஸ்கார் விருதுகளை ஈட்டியது. பர்மா-சயாம் இரயில் பாதையைப் பற்றிய அக்கதை, களனி கங்கையின் கரையிலே கித்துல்கல என்னும் ஊரிற் படமாக்கப்பட்டது. கல்கிசையிலுள்ள விடுதி இராணுவ மருத்துவமனையாயிற்று. பேராதனைப் பூங்கா படைப் பயிற்சிக்களமாயிற்று. ஹோல்டன் அதில் முகாமிலிருந்து தப்பி இலங்கைக்கு வந்து, பாலத்தைத் தகர்ப்பதற்காகத் திரும்பவும் காட்டிற்குள் அனுப்பப்படும் அமெரிக்கர்.

அக்குழுவினர் தாங்கிச் செல்வது ஸ்டென் துப்பாக்கி. 1940இல் டன்கேர்க் கரையிலே ஏராளமான ஆயுதங்களை இழந்துவிட்ட பிரித்தானியா, விரைவாகவும் மலிவாகவும் செய்யத்தக்கதாக 1941இல் உருவாக்கியது அது. தோட்டாக்கூடு இடப்புறம் நீட்டிக்கொண்டிருக்கும். அழகு சிறிதும் இல்லை. கீழே விழுந்தால் தானே வெடித்துவிடும் என்ற கெட்ட பெயரும் உண்டு. ஆனால் பகுதி பகுதியாகக் கழற்றிச் சிறு மூட்டையில் மறைக்கலாம். ஆதலின் எதிரி நாட்டினுள் மறைவாகச் செல்வோருக்கு அது ஏற்ற கருவியாயிற்று. 1943இல் நடக்கும் கதைக்கு அது முற்றும் பொருந்தும்.

திருகோணமலையில் வாழும் நமக்கு இது தொலைதூரச் செய்தியன்று. படத்திற் கூறப்படும் '316ஆம் படை', தென்கிழக்காசியாவில் உண்மையாகவே இயங்கிய '136ஆம் படை'யை நினைவூட்டுவது. 1942 ஏப்பிரல் 9ஆம் நாள் யப்பானிய விமானங்களின் தாக்குதலுக்கு ஆளான நமது துறைமுகத்திலிருந்துதான், போரின் பிற்பகுதியில் நீர்மூழ்கிக் கப்பல்கள் மலாயாக் கரையை நோக்கிச் சென்றன. சில வேளைகளில் மறைபணியாளரையும் ஏற்றிச் சென்றன. படம் வெளிவந்த அதே 1957ஆம் ஆண்டு ஒக்டோபர் 15ஆம் நாளிலேயே பிரித்தானியர் இங்குள்ள கடற்படைத் தளத்தை இலங்கை அரசிடம் ஒப்படைத்தனர்.

துப்பாக்கிச் சோதனையில் இப்படம் தேறிவிட்டது. அதனால் வரலாற்றிலும் தேறிவிட்டது எனலாமா? அங்கேதான் நாம் விழிப்பாயிருத்தல் வேண்டும்.

படத்தில் மரப்பாலம் ஒரு சிறு குழுவின் வெடிமருந்தினால் தகர்கிறது. மெய்யான பாலமோ உருக்கினாலும் கொங்கிறீற்றினாலும் ஆனது. 1945இல் வானிலிருந்து வீசப்பட்ட குண்டுகளால் அது சேதமுற்றது. இப்பிழையைக் கதைக்காக மன்னித்துவிடலாம். மன்னிக்க அரிதானது பிறிதொன்று. 415 கிலோமீற்றர் நீளமான அப்பாதையை அமைக்க, 60,000க்கு மேற்பட்ட போர்க்கைதிகளை யப்பானியர் ஈடுபடுத்தினர்; 12,000க்கு மேற்பட்டோர் மாண்டனர். அவர்களினும் பன்மடங்கு மிகுதியாக ஆசியத் தொழிலாளர் அங்கே கொண்டுசெல்லப்பட்டனர். மலாயாவின் இறப்பர்த் தோட்டங்களிலிருந்து ஏமாற்றியும் பலவந்தப்படுத்தியும் ஏற்றப்பட்ட தமிழர் அவருட் பெருந்தொகையினர். கொலராவும் பசியும் அடியும் அவர்களைக் கொன்றன. மாண்ட ஆசியத் தொழிலாளர் தொகையை 90,000 வரை மதிப்பிடுவோர் உண்டு. மலாயாத் தமிழர் நாவில் அது 'சயாம் மரண ரயில்'. படத்தின் கதையிலோ அம்மக்களுக்கு இடமில்லை. ஹோல்டன் ஏந்திய ஸ்டென் சரியானது. ஆனால் மண்ணைச் சுமந்து மாண்ட மனிதரைக் காணோம்.

போர்க்கைதிகளுக்கு அங்கே பெயர் பொறித்த கல்லறைகள் உண்டு. நம் ஊரில் நிலாவெளி வீதியிலுள்ள போர்க் கல்லறையைப் போல அவை ஒழுங்காகப் பேணப்படுகின்றன. அக்கூலி மக்களுட் பெரும்பாலோர்க்குப் பெயரும் இல்லை, கல்லும் இல்லை. ஆதலால், திரையில் ஒரு துப்பாக்கியைக் கண்டு அது எந்த ஆண்டினது என்று கேட்கும் இளைஞர் நல்லதொரு பயிற்சியைத் தொடங்கியவராவர். அவர் அத்துடன் நின்றுவிடாமல், அந்த ஆண்டில் அந்த மண்ணில் வேறு யார் இருந்தனர் என்றும் கேட்கட்டும். முதற் கேள்விக்கு ஆயுதப் பட்டியல் விடை தரும். இரண்டாவதற்கு வரலாற்றைத் தேடிப் படித்தல் வேண்டும்.