மலை யாருக்குச் சொந்தம்?

அண்ணாமலை யாருடையது என்பது 1938-இல் நீதிமன்ற வழக்கு. வாதி கோயில், பிரதிவாதி அரசு. கோயில் தரப்புச் சாட்சியான ரமண மகரிஷியைக் கமிஷன் வைத்து விசாரித்தார்கள். விருபாட்ச குகையிலும் ஸ்கந்தாசிரமத்திலுமாக 1922 வரை மலைமேலேயே வாழ்ந்தவர் அவர். மலையே லிங்கம் என்றார். (சர்வே எண்ணில் இதை எங்கே எழுதுவது என்று குமாஸ்தா விழித்திருப்பார்.)

மலையின் உரிமை பற்றி இத்தனை வாதாடிய நாம், அதன் சரிவு எவ்வளவு தாங்கும் என்று கேட்கவில்லை. வீடுகள் மேலேறின. 2024 டிசம்பர் 1, ஃபெஞ்சல் புயல் மழையில் வ.உ.சி. நகரில் மண்ணும் பாறையும் சரிந்து ஏழு பேர் புதைந்தனர். ஐவர் குழந்தைகள். குடியேறியவர்களை ஆக்கிரமிப்பாளர் என்பது எளிது. அவர்களுக்கு மலையடிவாரத்தைத் தவிர வேறு மனை எட்டும் விலையில் இருந்ததா என்றும் நாம் கேட்டிருக்க வேண்டும். ஆக்கிரமிப்பு வழக்கு மீண்டும் உயர்நீதிமன்றம் ஏறியது.